செயின்ட் லூயிஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், கோடை வந்தால் அப்பச்சியும் ஆத்தாவும் பெட்டி கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. போய் வந்தவர்கள் நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று சொல்வார்கள். எங்கள் மகள் இருப்பது மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், செயின்ட் லூயிஸ் என்ற ஊரில். பேரைச் சொன்னதும் "அங்கே பார்க்க என்னண்ணே இருக்கு?" என்றுதான் இங்கே கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. அந்த ஊரில் நல்ல இடங்கள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது, டிக்கெட் வாங்குகிற இடங்களில் சிலது நம் வயசுக்கு ஒத்துவராது, இதைத் தெரிந்துகொண்டு போனால் மாப்பிள்ளையின் கார்டும் தப்பிக்கும், நம் முழங்காலும் தப்பிக்கும்.

முதலில் எல்லாரும் கூட்டிப்போவது ஆர்ச்சுக்கு. ஆற்றங்கரையில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு வளைவை நிறுத்தியிருக்கிறார்கள். உயரம் 630 அடி, கீழே இரண்டு காலுக்கும் இடைப்பட்ட அகலமும் அதே 630 அடி, ஆனால் நேரில் பார்த்தால் உயரம்தான் கூடுதல் என்று சத்தியம் பண்ணுவீர்கள். வரைந்தவர் ஏரோ சாரினன். 1963இல் வேலை தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை, 1961இலேயே இறந்துவிட்டார். கட்டி முடித்தது 1965இல். கீழே புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்க்கக் காசில்லை, அடியில் நிலத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் காசில்லை. மேலே ஏறத்தான் டிக்கெட்.

ஏறுவதில்தான் விஷயமே இருக்கிறது. கால் வளைந்து போவதால் சாதாரண லிஃப்ட் உள்ளே ஓடாது. லிஃப்ட் கம்பெனிகளெல்லாம் கையை விரித்த பிறகு டிக் பௌசர் என்பவரிடம் கேட்டிருக்கிறார்கள். காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவர், அவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே வாரம். பாதி லிஃப்ட், பாதி ராட்டினம் என்று ஒன்றை யோசித்துக் கொடுத்தார், 1967இல் ஓடத் தொடங்கியது, இன்றைக்கும் அதில்தான் ஏறுகிறார்கள். வரிசையாக எட்டுக் கூண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து பேர், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும், கதவு நாலடி உயரம்தான் இருக்கும். ஏற நாலு நிமிடம், இறங்க மூன்று. வளைவுக்குத் தக்கபடி கூண்டு அவ்வப்போது டக் டக்கென்று தன்னை நிமிர்த்திக்கொள்ளும், பேரனுக்கு அந்தச் சத்தம்தான் பிடித்தது. உச்சியில் ஜன்னல்கள் சின்னது, சரிந்த சுவரில் குப்புறச் சாய்ந்துதான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் ஆறும் அக்கரையில் இல்லினாய் மாநிலமும். பலத்த காற்றில் உச்சி லேசாக அசையும், அசையட்டும் என்றே கட்டியது, பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சில விஷயங்களை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். வழியில் படி ஏறி இறங்க வேண்டும், சக்கர நாற்காலி மேலே போகாது. மேலே கழிப்பறை கிடையாது. நுழையும்போது விமான நிலையம் மாதிரியே பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். மூடின இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்காகக் கீழேயே ஒரு மாதிரிக் கூண்டு வைத்திருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். எங்கள் ஆச்சி அதில் ஒரு காலை வைத்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இந்த மியூசியத்தைப் பார்க்கிறேன்" என்று திரும்பிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் நஷ்டமில்லை, அந்த அருங்காட்சியகம் நன்றாகவே இருக்கிறது. என் கணக்கில் ஆர்ச் ஒரு தடவைக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாம் தடவை கூப்பிட்டால் புல்வெளியே போதும். மெட்ரோலிங்க் ரயில் பக்கத்திலேயே நிற்கும், கார் நிறுத்த அலைய வேண்டாம்.

சரி, காசில்லாத இடத்துக்கு வருவோம். ஃபாரஸ்ட் பார்க் என்று சுமார் 1,300 ஏக்கர் பூங்கா, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது, 1904இல் உலகக் கண்காட்சி நடந்த இடம். அதற்குள்ளும் அதை ஒட்டியும் மிருகக்காட்சி சாலை, ஓவியக்கூடம், வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் மையம், நாலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அமெரிக்காவில் தண்ணீர் பாட்டிலுக்கே கணக்குப் போடுகிற நமக்கு இது நம்ப முடியாத விஷயம், அதனால் எப்படிக் கட்டுபடியாகிறது என்று மாப்பிள்ளையைக் குடைந்தேன். 1971இல் தொடங்கி ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, நகரத்திலும் சுற்றியுள்ள கவுன்டியிலும் (நம்ம மாவட்டம் மாதிரி) வீடு, நிலம் வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு சேர்த்து இவற்றுக்கென்று ஒரு தொகை கட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். நம்ம நகரத்தார் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி கட்டுகிற மாதிரிதான். மாப்பிள்ளை அங்கே வீடு வாங்கியிருக்கிறார், ஆக அவர் வரி கட்டுகிறார், நாம் யானை பார்க்கிறோம்.

மிருகக்காட்சி சாலையை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். 1904 கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய பறவைக் கூண்டு இன்னும் நிற்கிறது, அதற்குள்ளேயே நடந்து போகலாம், பறவைகள் தலைக்கு மேலே பறக்கும். பெங்குவின்கள் இருக்கும் இடம் உள்ளே நல்ல ஜில்லென்று இருக்கும், ஜூலை வெயிலில் ஆச்சியை அங்கிருந்து வெளியே கொண்டுவருவது பெரும்பாடாகிவிட்டது. வாசலில் கார் நிறுத்தக் காசு, உள்ளே குட்டி ரயில் மாதிரி சிலவற்றுக்குத் தனிக் காசு, பேரப்பிள்ளை எதையெதைக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். பூங்காவுக்குள் தெருவோரம் இடம் கிடைத்தால் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

ஓவியக்கூடம் மேட்டின் மேல் இருக்கிறது, அதுவும் அந்தக் கண்காட்சிக்குக் கட்டிய கட்டடம்தான். உள்ளே போக மனமில்லாவிட்டாலும் முன்னால் சரிந்து இறங்கும் புல்மேட்டில் உட்கார்ந்து கீழே இருக்கிற குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். குளிர்காலத்தில் அதே மேட்டில் பனியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்களாம்.

அப்புறம் மியூனி. அதே பூங்காவுக்குள் திறந்தவெளி நாடகக் கொட்டகை, சுமார் 11,000 பேர் உட்காரலாம், கோடையில் ஆட்டமும் பாட்டுமாக இசை நாடகங்கள் போடுவார்கள். கடைசியில் ஏறக்குறைய 1,500 இருக்கைகள் ஒவ்வொரு காட்சிக்கும் இலவசம், முன்னால் வந்தவருக்கு முதலிடம். திருவிழா நாடகத்துக்குப் பாய் போட்டு இடம் பிடித்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் பாதி புரியாது. புரியாவிட்டால் என்ன, உடுப்பும் விளக்கும் அவ்வளவு பிரமாதம். ஒரு விசிறியும் தண்ணீரும் எடுத்துப்போங்கள்.

சிட்டி மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது மியூசியமே இல்லை. பழைய செருப்புக் கம்பெனிக் கட்டடம், பாப் கசிலி என்ற சிற்பி ஊரில் கிடந்த இரும்பு, ஓடு, பழைய கட்டடத் துண்டுகள் எல்லாவற்றையும் அள்ளிவந்து ஏறி விளையாடுகிற இடமாக்கி 1997இல் திறந்தார். பத்து மாடி உயரத்துக்குச் சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்கு, வெளியே அந்தரத்தில் விமானக் கூடு, மொட்டை மாடி விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பள்ளிப் பேருந்து, அதற்குள்ளும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். செட்டிநாட்டுத் தேக்குத் தூண்களைப் பிரித்து எங்கெங்கோ விற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போயிருந்த எனக்கு, பழைய சாமானை இப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல். டிக்கெட் மலிவில்லை. ஆனால் எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த ஊரிலேயே சிறந்த இடம் இதுதான். "ஐயா, நீங்களும் வாங்க" என்று பேரன் ஒரு கம்பிக் குழாய்க்குள் இழுப்பான், போகாதீர்கள். அங்கே கடையிலேயே முழங்காலுக்குக் கட்டும் பட்டை விற்கிறார்கள், அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மிசௌரி தாவரவியல் பூங்கா 1859இல் திறந்தது, பழசு, அழகு, வெளியூர்க்காரருக்கு டிக்கெட் உண்டு. நடுவில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு பெரிய குவிமாடம், 1960இல் கட்டியது, உள்ளே வெப்பமண்டலக் காட்டை வளர்க்கிறார்கள். அதாவது காசு கொடுத்து உள்ளே போய் நாம் வாழை மரம் பார்க்கிறோம். ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் 14 ஏக்கரில் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது, பாலத்தில் நின்று மீனுக்குத் தீனி போடலாம், அதற்காகவே போகலாம், குறிப்பாக ஏப்ரலில்.

எனக்கு மனசில் நின்றது பெரிய தேவாலயம். கதீட்ரல் பசிலிக்கா. சுவர், வளைவு, குவிமாடம் எல்லாம் கண்ணாடிச் சில்லுப் பதித்த படங்கள், மொத்தம் 4 கோடியே 15 லட்சம் சில்லு, 7,000க்கும் மேல் நிறம், 1912இல் தொடங்கி 1988இல்தான் முடித்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லில் நடந்து வளர்ந்தவர்கள், வேலைப்பாடு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள், இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. நுழைவு இலவசம், பூசை நேரம் தவிர்த்துப் போங்கள், பேசாமல் பாருங்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

யூனியன் ஸ்டேஷன், 1894இல் திறந்த ரயில் நிலையம், இப்போது ஓட்டல். பழைய பெரிய கூடத்தின் வளைந்த கூரையில் சாயங்காலம் ஒளிக்காட்சி போடுகிறார்கள், அதற்குக் காசில்லை, ஒரு காபியோடு உட்கார்ந்து பார்க்கலாம். பக்கத்தில் 200 அடி ராட்டினமும் மீன் காட்சியகமும் உண்டு, ஆர்ச் ஏறியவர்களுக்கு ராட்டினம் வேண்டாம். பீர் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள், நாங்கள் போகவில்லை, பெரிய குதிரைகள் நன்றாக இருக்கும் என்றார்கள். பேஸ்பால் ஆட்டம் மாப்பிள்ளைக்காகப் போனேன், கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு அது ஏறவில்லை.

ஆறு. ஊருணித் தண்ணீரில் வளர்ந்த நமக்கு அந்த அகலத்தைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். சற்று வடக்கே மிசௌரி ஆறு வந்து கலந்து சேற்றைக் கொண்டுவருவதால் தண்ணீர் காபி நிறம்தான், நீலமாக எதிர்பார்க்க வேண்டாம். 30 அடி தாண்டினாலே வெள்ளம் என்று கணக்கு, 1993இல் 49 அடிக்கு மேல் போயிருக்கிறது. பழைய நீராவிப் படகு மாதிரி செய்த படகில் ஒரு மணி நேரச் சவாரி உண்டு. உண்மையைச் சொன்னால் அதில் பார்ப்பது பெரும்பாலும் சரக்குப் படகுகளும் ஆலைகளும்தான். சரக்கு போவதைப் பார்க்கப் பிடிக்கும் எனக்கு, அதனால் ரசித்தேன். ஆச்சி தூங்கிவிட்டாள். காசில்லாமல் ஆற்றைப் பார்க்க ஈட்ஸ் பாலத்தின் மேல் நடந்து போங்கள். 1874இல் திறக்கும் முன், பாலம் தாங்குமா என்று மக்கள் பயந்ததால், ஒரு யானையை அதில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள், உறுதியில்லாத இடத்தில் யானை கால் வைக்காது என்று நம்பிக்கை.

அக்கரையில் கொஞ்ச தூரம் காரில் போனால் கஹோகியா மேடுகள். சுமார் கி.பி. 1050 முதல் 1200 வரை அங்கே பூர்வகுடிகளின் பெரிய நகரம் இருந்தது, கூடை கூடையாக மண் சுமந்து கட்டிய மேடுகள், பெரியது 100 அடி உயரம். 1982இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கீழடியைப் பார்த்தவர்களுக்கு இதில் கூடுதல் ருசி இருக்கும், மற்றவர்களுக்கு வெறும் புல்மேடு. படி நிறைய, மேலே ஏறினால் தூரத்தில் ஆர்ச் தெரியும்.

சாப்பாடு விஷயம். டெட் ட்ரூஸ் என்ற பழைய கடையில் ஃப்ரோசன் கஸ்டர்ட் வாங்காமல் வரக் கூடாது, அவ்வளவு கெட்டி, கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டுக் கொடுப்பார்கள், விழாது. ஐஸ்கிரீம் இல்லை, முட்டை மஞ்சள் கரு சேர்ந்தது, சுத்த சைவக்காரர்கள் கவனியுங்கள். ரவியோலி என்று உள்ளே பூரணம் வைத்த இத்தாலிய மாவுத் துண்டை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கிறார்கள், அந்த ஊர்ப் பலகாரம் மாதிரி, உள்ளே பெரும்பாலும் கறி, கேட்டுவிட்டு வாங்குங்கள், காரம் மருந்துக்கும் இல்லை. ஒரு கடையில் சைவம் என்று உறுதி சொல்லிக் கொடுத்த சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர், அதுவும் வெள்ளிக்கிழமை. அதிலிருந்து ஆச்சி தக்காளிச் சோறும் பூண்டு ஊறுகாயும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள், பூங்காவில் மேசை பெஞ்சு எங்கும் இருக்கிறது, நல்ல வசதி.

போகிற காலம் ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை வெயில் நம்ம வெயில்தானே என்று நினைக்க வேண்டாம், புழுக்கம் நம்மூரைவிட மோசமாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதான் என்றால், காலையில் வாசல் திறந்ததும் மிருகக்காட்சி சாலை, மதியம் ஓவியக்கூடத்து ஏசி, சாயங்காலம் மியூனியில் பின்வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றையச் செலவு கார் நிறுத்துகிற காசோடு முடிந்துவிடும்.