வாடகை தவறாமல் வருகிறதா? உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்

சென்னையில் ஒரு வீடோ ஃபிளாட்டோ வைத்துக்கொண்டு வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். வாடகை விஷயத்தை ஊரில் இருக்கும் அப்பா அம்மா பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மடிப்பாக்கத்தில் எங்கள் அம்மா பெயரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. அவர் காலமான பிறகு அம்மா என்னோடு ஓசூருக்கு வந்துவிட்டார். அந்த வாடகைதான் அவருடைய கைச்செலவுக்கும் மருந்துக்கும். வாடகைக்கு விடுவதாக இணையத்தில் விளம்பரம் கொடுத்தவுடனே ஒரு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. உரிமையாளர்களுக்காக வீடுகளைப் பராமரித்துத் தரும் நிறுவனம் என்றார்கள். பெயரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. இந்த ஆட்கள் எப்படியும் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஏமாற்றும் முறை ஒன்றேதான், அதனால் அதைச் சொல்கிறேன்.

அந்தப் பகுதியில் 20,000 ரூபாய் வாடகை போகும் வீட்டுக்கு 22,000 தருவதாகச் சொன்னார்கள். வீடு காலியாகக் கிடந்தாலும் மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். பெயின்ட், பிளம்பிங், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அவர்கள் செலவு. ஆள் பிடிப்பதும் காலி செய்ய வைப்பதும் அவர்கள் பொறுப்பு. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்களை மட்டும்தான் வைப்பார்களாம். அட்வான்ஸ் இரண்டு மாதம்தான். சென்னையில் இதைவிட அதிகம் வாங்குவார்களே என்று அம்மா கேட்டதற்கு, "புதுச் சட்டப்படி மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதும்மா" என்று பதில் வந்தது. சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு இருப்பது உண்மைதான். இவர்கள் அதைச் சொன்னது கையிலிருந்து குறைவாகப் போடுவதற்காக.

அக்ரிமென்ட் ஏஜென்சி பெயரில் போடப்பட்டது. வாடகைதாரர் என்ற இடத்தில் ஏஜென்சி. நடுவில் ஒரு வரி: வாடகைதாரரோ அவரால் அனுமதிக்கப்படும் நபர்களோ வீட்டில் குடியிருக்கலாம். ஆறு பக்கத்தில் அந்த ஒரு வரிதான் அவர்களுக்கு வேண்டியது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தது இது. எங்கள் அக்ரிமென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வீட்டை "லீசுக்கு விடப்படும்" என்று விளம்பரம் செய்தார்கள். சென்னையில் லீஸ் என்றால் என்ன என்று பலருக்கும் தெரியும். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். தென் மாவட்டங்களில் ஒத்தி, போக்கியம் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். ஒரு குடும்பத்திடம் 8 லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்திடமோ, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், எல்லா அதிகாரமும் எங்களிடம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 22,000 வீதம் மூன்று வருட வாடகை 7,92,000 ரூபாய். அதாவது, உள்ளே இருப்பவரின் 8 லட்சத்திலிருந்தே ஓனருக்கு மூன்று வருடம் வாடகை கொடுத்துவிட முடியும். இப்படி 20 வீடு பிடித்தால் கையில் 1 கோடியே 60 லட்சம். மாதம் வெளியே போவது 4 லட்சத்து 40 ஆயிரம்தான். வாடகை ஒழுங்காக வருகிறதென்று ஓனர்கள் தாங்களாகவே தெரிந்தவர்களுக்குச் சொல்வார்கள், புது வீடுகள் வரும். புதுப் பணம் வருவது நிற்கும்போது, அல்லது சேர்ந்தது போதும் என்று அவர்களுக்குத் தோன்றும்போது, எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வாடகை நின்றுவிடும்.

எங்களுக்கும் அப்படித்தான் நின்றது. முதலில் அக்கவுன்ட்டில் ஏதோ பிரச்சனை என்றார்கள். அடுத்த மாதம் மேனேஜர் ஊரில் இல்லை. அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். அலுவலகம் இருந்த கட்டடத்தில் போர்டையே கழற்றிவிட்டார்கள்.

அம்மாவும் நானும் வீட்டுக்குப் போய் மணியடித்தோம். கதவைத் திறந்தவர் கையில் குழந்தை.

"யாரும்மா நீங்க?" என்று அவர்தான் அம்மாவைக் கேட்டார்.

"இது என் வீடும்மா. வாடகை வரல, அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

"வாடகையா? நாங்க லீசுக்கு எட்டு லட்சம் குடுத்திருக்கோமே, ஆன்ட்டி."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. நகையை அடகு வைத்தும், கணவரின் பிஎஃப் பணத்தை எடுத்தும் கொடுத்திருந்தார்கள். மாத வாடகை மிச்சமானால் குழந்தையின் படிப்புக்குச் சேர்க்கலாம் என்று நினைத்தவர்கள். எங்களுக்குப் போனது சில மாத வாடகை. அவர்களுக்குப் போனது கையிலிருந்த மொத்தமும்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கரண்ட்டைத் துண்டித்துவிடு, தண்ணீரை நிறுத்து, அவர்கள் வெளியே போகும்போது பூட்டை மாற்று. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வாடகைப் பாக்கிக்காகவோ அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டதற்காகவோ காலி செய்ய வைப்பதென்றால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். சட்டம் கிடக்கட்டும். அந்த ஏஜென்சிக்கு எதிராக நமக்கு இருக்கும் ஒரே சாட்சி வீட்டுக்குள் இருக்கும் அந்தக் குடும்பம்தான். பணம் கொடுத்த ரசீது, பேங்க் வரவு, வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகள் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களை விரோதியாக்கிக்கொண்டால் ஏமாற்றியவனுக்குத்தான் லாபம்.

காவல் நிலையத்தில் நாங்கள் தனியாகப் போய்ச் சொன்னபோது, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை பாக்கி என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அந்தக் குடும்பமும் போய், பணத்தை வாங்கி ஏமாற்றிவிட்டார்கள் என்று தனியாகச் சொன்னால், உங்கள் ஓனரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்ற பதில்தான் வரும். இரண்டு அக்ரிமென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போதுதான் இது திட்டமிட்ட மோசடி என்பது விளங்கும். எங்கள் அசோசியேஷன் செயலாளர், அதே தெருவில் இன்னும் சில வீடுகளையும் இதே ஆட்கள்தான் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார். அந்த ஓனர்களையும் குடியிருப்பவர்களையும் தேடிப் பிடித்து, எல்லோரும் சேர்ந்து கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். அதன் பிறகுதான் வழக்கு பதிவானது. பணம் இன்னும் யாருக்கும் திரும்பவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஓனரும் குடியிருப்பவரும் நேரில் சந்தித்துப் பேசிவிட்டால் இந்த மோசடி ஒரு நாள்கூட நடக்காது. அவர்களைச் சந்திக்க விடாமல் வைத்திருப்பதுதான் ஏஜென்சியின் முழு வேலையும். "குடியிருப்பவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க, எதுவானாலும் எங்ககிட்ட சொல்லுங்க" என்று நம்மிடம் சொன்னதும் அதற்குத்தான், ஓனர் வெளிநாட்டில் என்று அவர்களிடம் சொன்னதும் அதற்குத்தான்.

ஆகவே, உங்கள் சார்பில் யார் வேண்டுமானாலும் ஆள் தேடட்டும், வாடகை வசூலிக்கட்டும், அதற்குக் கமிஷன் வாங்கட்டும். ஆனால் அக்ரிமென்ட் உங்களுக்கும் வீட்டில் படுத்து எழுந்திருக்கும் குடும்பத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். ஏஜென்சியே வாடகைதாரராகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், எவ்வளவு அதிகம் தந்தாலும் சரி. எழுத்துப்பூர்வமான உங்கள் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சம்மதத்தை அக்ரிமென்ட்டுக்குள்ளேயே ஒரு வரியில் எழுதி வாங்கிவிடுவதுதான் இவர்களின் சாமர்த்தியம். "அனுமதிக்கப்படும் நபர்கள்", "நியமிக்கப்படுபவர்" என்று எங்கே வந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். உள்வாடகைக்கோ லீசுக்கோ ஒத்திக்கோ விட அதிகாரம் கிடையாது என்று தனியாக எழுதிச் சேருங்கள். பவர் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அக்ரிமென்ட்டை அரசின் வாடகை இணையதளத்தில் பதிவு செய்து பதிவு எண் வாங்குங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் பதினொரு மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. புதுச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். காவல் நிலையத்தில் கொடுக்கும் குடியிருப்போர் விவரப் படிவத்திலும் உண்மையில் குடியிருப்பவரின் பெயரும் ஆதாரும் இருக்கட்டும். ஏஜென்சி பெயரை எழுதிக் கொடுத்தால் ஒரு பயனும் இல்லை.

வாடகை யார் கணக்கிலிருந்து வருகிறது என்று பாஸ்புக்கைப் பாருங்கள். எங்களுக்கு மாதத்துக்கு ஒரு பெயரில் வந்திருந்தது. ஒழுங்கான நிறுவனம் என்றால் நிறுவனக் கணக்கிலிருந்துதானே வரும்? அசோசியேஷன் செயலாளர், வாட்ச்மேன் இருவர் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும். யார் குடிவந்தார்கள், எத்தனை பேர், எப்போது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

லீசுக்கு வீடு தேடுபவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் ஒன்று. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நேரிலோ வீடியோ காலிலோ பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று போட்டு உரிமையாளர் யார் என்று பாருங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், ஆவணத்தைப் பதிவு செய்யுங்கள். நடுவில் இருப்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வீடு வேண்டாம்.

மடிப்பாக்கம் வீட்டில் அந்தக் குடும்பம்தான் இப்போதும் இருக்கிறது. அம்மா அவர்களோடு நேரடியாகப் புது அக்ரிமென்ட் போட்டு, அவர்களால் முடிந்த வாடகைக்கு விட்டிருக்கிறார். ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், தாமதிக்காமல் உங்கள் அக்ரிமென்ட் நகலையும் வாடகை வரவு காட்டும் வங்கி அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். உள்ளே இருப்பவரிடம் பொறுமையாகப் பேசி, அவர்களிடம் இருக்கும் ஆவணங்களையும் நகல் எடுத்து, இருவரும் சேர்ந்து ஒரே புகாராக எழுதிக் கொடுங்கள்.