911-ஐக் கொடுத்துவிட்டு 718 கேமன்: பேஸா, டி-யா, எஸ்-ஸா, ஜிடிஎஸ்-ஸா?

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை, கையில் 2017 போர்ஷே 911 கரேரா எஸ். வீடு வாங்கியாயிற்று, கடன் மாதாமாதம் போகிறது, குடும்பத்துக்கு வேறு பெரிய கார் வந்துவிட்டது. 911 வாரத்துக்கு ஒருமுறை வெளியே வந்தால் அதிகம். "அண்ணா, இதைக் கொடுத்துட்டு 718 கேமன் எடுக்கலாம்னு இருக்கேன். ஆனா பேஸ் எடுத்தா ஆறே மாசத்துல வருத்தப்படுவேனோன்னு பயமா இருக்கு. எஸ் எடுத்துடட்டுமா?"

718 கேமன் என்பது போர்ஷேயின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். பேஸ் என்பது அதன் அடிப்படை மாடல்; டி, எஸ், ஜிடிஎஸ் அதற்கு மேலுள்ள வகைகள். இதே கேள்வியோடு நானும் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன். கரேரா எஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் கேமன் எஸ் எடுத்தேன், பதினான்கு மாதம் ஓட்டினேன், கொடுத்துவிட்டேன். இப்போது வீட்டில் நிற்பது கேமன் டி. பேஸ் காரை நண்பரிடம் வாங்கி ஒரு வார இறுதி முழுக்க ஓட்டியிருக்கிறேன், ஜிடிஎஸ் 4.0-வையும் ஒரு நாள் முழுதும். தம்பியிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த பயம் அவர் ஒருவருக்கு மட்டும் இருப்பதல்ல.

முதலில் எண்கள். அவருடைய கரேரா எஸ்ஸில் 3.0 லிட்டர் ட்வின் டர்போ, ஆறு சிலிண்டர், 420 பிஎஸ் (குதிரைத்திறன்), 500 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), மேனுவலில் 1,440 கிலோ. கேமன் பேஸில் 2.0 லிட்டர் டர்போ, நான்கு சிலிண்டர், 300 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர், 1,335 கிலோ. எஸ்ஸில் 2.5 லிட்டர், 350 பிஎஸ், 420 நியூட்டன் மீட்டர், 1,355 கிலோ. 2020-இல் வந்த ஜிடிஎஸ் 4.0-வில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 400 பிஎஸ், 1,405 கிலோ. டி என்பது 2019-இல் வந்தது, பேஸின் அதே 300 பிஎஸ் எஞ்சின், 1,350 கிலோ. மேனுவலில் 100 கி.மீ வேகத்தைத் தொட பேஸுக்கும் டி-க்கும் 5.1 விநாடி, எஸ்ஸுக்கு 4.6, ஜிடிஎஸ்ஸுக்கு 4.5.

இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் கை தானாக எஸ்ஸை நோக்கித்தான் போகும். எனக்கும் போனது. 420-இலிருந்து 300-க்கு இறங்குவது பெரிய பள்ளமாகத் தெரிகிறது, 350 என்றால் பாதி பள்ளத்தை மூடிவிடலாம் போல இருக்கிறது. நான் செய்த தப்பு அங்கேதான். இழந்ததை ஈடுகட்ட ஒரு காரை வாங்கினால், ஓட்டும் ஒவ்வொரு முறையும் இழந்ததுதான் நினைவுக்கு வரும். ஒரு பிஎஸ்ஸுக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: கரேரா எஸ் 3.43, ஜிடிஎஸ் 3.51, கேமன் எஸ் 3.87, பேஸ் 4.45. ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானில் வேக வரம்பில்லாத பகுதியில் 160-இலிருந்து பெடலை மிதிக்கும்போது கேமன் எஸ் நன்றாகவே போகும், ஆனால் பழைய கார் மாதிரி போகாது. அந்த இடத்தில் 50 பிஎஸ் ஆறுதல் எதையும் தரவில்லை. பதினான்கு மாதமும் அந்த ஒப்பீடு என்னை விடவே இல்லை.

அப்புறம், எஸ்ஸின் எஞ்சின் மட்டமானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் டர்போவில் வெளியேறும் புகையின் அளவுக்கு ஏற்ப வழிகாட்டித் தகடுகளின் கோணம் மாறும், 911 டர்போவில் இருக்கும் அதே தொழில்நுட்பம். 1,900 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க்கும் வந்துவிடும். ஐந்தாம் கியரில் சோம்பலாகப் போய்க்கொண்டிருக்கும்போதுகூட லேசாக அழுத்தினால் இழுத்துக்கொண்டு போகும். பேஸ் எஞ்சினுக்கும் காகிதத்தில் 1,950 என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் மிதித்த அந்தக் கணத்துக்கும் கார் கிளம்பும் கணத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி அதில் கூடுதலாகத் தெரியும். தினமும் ஸ்டுட்கார்ட்–மூனிக் என்று நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர் என்றால், எஸ் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிரேக்கும் அதற்குத் தகுந்த மாதிரிதான்: முன் டிஸ்க் பேஸ், எஸ் இரண்டிலும் 330 மி.மீ விட்டம்தான், எஸ்ஸில் 6 மி.மீ தடிமன் அதிகம், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் 911 கரேராவிலிருந்து வந்தது.

ஆனால் அந்தத் தம்பி வாழ்வது நெடுஞ்சாலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டட் போகும் பி500 மலைச்சாலைக்கும், அதிலிருந்து பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கும் கிளைச் சாலைகளுக்கும் போகிறவர். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் பொதுவாக 100 கி.மீ வரம்பு, பி500-இல் பல இடங்களில் 70. அங்கே எது காரை நல்ல காராக்குகிறது என்பதை நான் புரிந்துகொண்டது ஒரே ஒரு வளைவில்.

என் எஸ்ஸை விளம்பரம் பார்த்துத்தான் வாங்கினேன். 'ஸ்போர்ட் சஸ்பென்ஷன்' என்று எழுதியிருந்தார்கள், வாங்கிய பிறகு பார்த்தால் சாதாரண சஸ்பென்ஷன், இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் லாக்கும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, மேலே ஏறும் கொண்டை ஊசி வளைவு, இரண்டாம் கியர். திரும்பி முடியும் இடத்தில் பெடலை மிதித்தேன். கார் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது, உள்பக்கப் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்திருக்கிறது, 420 நியூட்டன் மீட்டரும் பிடிப்பில்லாத அந்தச் சக்கரம் வழியாக வழிந்தோடியது. சக்கரம் சுழலும் சத்தம், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கல், எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினை அமுக்கிவிட்டது. கார் ஒரு கணம் செத்துப்போய் நின்றது போல இருந்தது. டார்க் அதிகம் இருந்து என்ன, அது சாலைக்குப் போய்ச் சேரவில்லையே.

மெக்கானிக்கல் லாக் உள்ள டிஃபரன்ஷியல் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. உள்சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சுழல விடாமல் கட்டி, பாரம் தாங்கும் வெளிச்சக்கரத்துக்கு விசையை அனுப்பும். போர்ஷேயில் இதை டார்க் வெக்டரிங்குடன் சேர்த்துத் தருகிறார்கள், வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கப் பின் சக்கரத்தை லேசாக பிரேக் பிடித்துக் காரை உள்ளே திருப்பிக் கொடுக்கும். டி-யில் இது ஸ்டாண்டர்ட். இப்போது அதே வளைவில், 40 நியூட்டன் மீட்டர் குறைவான காரில், நான் முன்பைவிடச் சீக்கிரமாகப் பெடலுக்குப் போகிறேன். கார் பின்பக்கம் கொஞ்சம் அமர்ந்து, ஒரு உந்து உந்தி வெளியே வருகிறது. அந்த உந்தலுக்காக நான் பி500 வரை போகிறேன்.

அதனால்தான் இந்த நால்வரில் டி-க்கு என் மனம் சாய்கிறது. எஞ்சினைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மேலே கொண்டுபோனார்கள்: சாலைக்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும், 20 மி.மீ தாழ்ந்த அடாப்டிவ் சஸ்பென்ஷன் (2.0 லிட்டர் எஞ்சினோடு இது முதல்முறையாக வந்தது டி-யில்தான்), டிஃபரன்ஷியல் லாக், எஞ்சின் அசைவை அடக்கும் ஆக்டிவ் மவுண்ட், ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ள உதவும் ஸ்போர்ட் க்ரோனோ, குட்டையான கியர் லிவர், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட். கதவைத் திறக்க உள்ளே கைப்பிடிக்குப் பதில் ஒரு துணிப்பட்டை. என் பெண் முதல் நாள் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஸ்கூல் பேக் வார் மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

பேஸ் காரை மட்டமாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1965-இல் போர்ஷே 912 என்று ஒன்றை விட்டது. 911-இன் அதே உடம்பு, பின்னால் அதற்கு முந்தைய மாடலான 356-இலிருந்து வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், 130-க்குப் பதில் 90 பிஎஸ். ஆரம்ப ஆண்டுகளில் 911-ஐவிட அதுதான் அதிகம் விற்றது. பின்பக்கம் எடை குறைந்ததால் சாலையில் நிதானமாகவும் இருந்தது. இன்று 912-ஐத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பேஸ் 718-இலும் அந்தக் குணம் உண்டு. 18 அங்குல சக்கரம், முன்னால் 235/45, பின்னால் 265/45 டயர் (முதல் எண் மி.மீ-இல் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது). ஜிடிஎஸ்ஸில் 20 அங்குலம், 235/35, 265/35. அகலத்தைக் கவனியுங்கள், இரண்டிலும் ஒன்றுதான். பேஸில் முன் டயரின் பக்கச்சுவர் கிட்டத்தட்ட 106 மி.மீ, ஜிடிஎஸ்ஸில் 82. அந்த 24 மி.மீ ரப்பர் ஊருக்குள் கல் பதித்த தெருக்களில் முதுகுக்குச் செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. டயர் எல்லையைத் தாண்டப்போகிறது என்பதையும் மெதுவாக, முன்கூட்டியே சொல்லும். குளிர்கால டயர் செட் ஒன்று தனியாக வாங்க வேண்டிய இந்த ஊரில், 18 அங்குலம் விலையிலும் கை கொடுக்கும். வரியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எஞ்சின் அளவுக்கான பங்கு 100 சிசிக்கு 2 யூரோ, அதாவது ஆண்டுக்கு 2.0 லிட்டருக்கு 40, எஸ்ஸுக்கு 50, ஜிடிஎஸ்ஸுக்கு 80. கார்பன் டை ஆக்சைடுக்கான பங்கு தனி. இதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

சரி, சத்தம். இதைப் பேசாமல் 718-ஐப் பேச முடியாது. பேஸ், டி, எஸ் மூன்றிலும் நான்கு சிலிண்டர்தான். காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்தால் கரகரவென்று பழைய சுபாரு மாதிரி இருக்கும். 911-இன் ஆறு சிலிண்டரோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவருக்கு முதல் நாள் நெஞ்சில் ஏதோ அறுந்தது போலத்தான் இருக்கும், எனக்கு இருந்தது. 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் அதற்கென்று ஒரு முரட்டு ராகம் உண்டு, பழகப் பழகப் பிடிக்கும், ஆனால் ஆறு சிலிண்டர் ஆகாது. எஸ் எடுப்பதால் இந்தக் குறை தீரவே தீராது என்பதைத்தான் தம்பியிடம் அழுத்திச் சொன்னேன்.

அது தீரும் இடம் ஒன்றுதான். ஜிடிஎஸ் 4.0. நான் ஓட்டிய அன்று, ஒரு சுரங்கப் பாதைக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாம் கியரில் 3,000-இலிருந்து மேலே விட்டேன். 5,000-இல் குரல் திறக்கிறது, 7,000-இல் தொண்டை கிழியப் பாடுகிறது, 7,800 வரை போகிறது, முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில். இறங்கும்போது கை நடுங்கியது. மேலே சொன்ன டி-யின் முக்கியச் சமாச்சாரங்கள், தாழ்ந்த சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் லாக், எல்லாம் அதிலும் ஸ்டாண்டர்ட். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் தலைசிறந்தது அதுதான், மறுக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அதன் கியர்கள் நீளம். இரண்டாம் கியரிலேயே 130 கி.மீ-ஐத் தாண்டிவிடும். 100 வரம்புள்ள சாலையில் அந்தக் கடைசி 2,000 ஆர்பிஎம்மை, எதற்காகக் காசு கொடுத்தோமோ அதை, முதல் கியரைவிட்டு வந்தபின் சட்டத்துக்கு உட்பட்டுக் கேட்கவே முடியாது. இரண்டு, காசு. வீட்டுக் கடனுக்காக 911-ஐக் கொடுப்பவர், நல்ல ஜிடிஎஸ் 4.0-வுக்குப் போனால் கையில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சைபர் பாதுகாப்பு விதிகளால் 2024-இல் ஆர்எஸ் என்ற உச்ச வகைகள் தவிர மற்ற பெட்ரோல் 718 எல்லாம் புதிதாக விற்பது நின்றுவிட்டது. ஆறு சிலிண்டர் உள்ளவர்கள் அவ்வளவு லேசில் கையை விட்டுக் கொடுப்பதில்லை. கரேராவைவிட அந்தச் சத்தம்தான் உங்களுக்கு உயிர் என்றால், இன்னும் ஓர் ஆண்டு 911-ஐயே வைத்திருந்து பிறகு நேராக ஜிடிஎஸ்ஸுக்குப் போங்கள், நடுவில் எஸ்ஸில் இறங்கி ஏறாதீர்கள்.

டி கிடைக்கவில்லை என்றால்? பேஸ்தான், ஆனால் சரியான ஆப்ஷன்களோடு. 10 மி.மீ தாழ்ந்த அடாப்டிவ் சஸ்பென்ஷனும் டிஃபரன்ஷியல் லாக்கும் உள்ள பேஸ் ஒன்று கிடைத்தால், ஒன்றுமே போடாத எஸ்ஸைவிட அதைத்தான் நான் எடுப்பேன். விளம்பர வரிகளை நம்ப வேண்டாம். ஸ்டீயரிங்கின் வலது கீழ்ப்பக்கம் சின்ன வட்டத் திருகு இருந்தால் ஸ்போர்ட் க்ரோனோ உண்டு. கியருக்குப் பக்கத்தில் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) படம் போட்ட பட்டன் இருந்தால் அடாப்டிவ் சஸ்பென்ஷன் உண்டு. டிஃபரன்ஷியல் லாக் கண்ணுக்குத் தெரியாது, சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து என்னென்னவோடு வந்தது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். விற்பவர் தயங்கினால் அடுத்த காருக்குப் போங்கள்.

இன்னொன்று, 911-இன் பின்சீட்டை மறந்துவிடாதீர்கள். குழந்தை உட்கார இடம் இல்லாத கார் இது, எந்த வேரியன்ட் எடுத்தாலும். முன்னால் 150 லிட்டர், பின்னால் 275 லிட்டர் என்று இரண்டு டிக்கி இருப்பதால் இரண்டு பேர் ஒரு வாரம் தாராளமாகப் போய் வரலாம், மூன்றாவது ஆளுக்கு வழியே இல்லை. வீட்டில் இதைப் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவர் பட்டியலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. கார்ல்ஸ்ரூ பக்கம் ஒரு டி, மேனுவல், மியாமி நீலம். இன்னொன்று வெள்ளை பேஸ், லாக்கோடு, விலை கணிசமாகக் குறைவு. வரும் சனிக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறோம். என் டி-யிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன், போகும் வழியில் பாதி தூரம் அவர்தான் ஓட்டப்போகிறார்.