லசான்யா: போலோஞாவா, நேப்பிள்ஸா?

மாவுத் தகடுகளுக்கு இடையே குழம்பும் சீஸும் வைத்து அடுக்கி ஓவனில் வேகவைக்கும் லசான்யாவை வீட்டில் செய்ய ஆசை, எந்த வகை என்றுதான் குழப்பமா? இத்தாலியிலேயே இதற்கு இரண்டு கட்சி உண்டு: போலோஞா நகரம் ஒன்று, நேப்பிள்ஸ் நகரம் இன்னொன்று.

தகடு: போலோஞாவில் முட்டையும் பசலைக்கீரையும் சேர்த்துப் பிசைந்து தேய்த்த பச்சைத் தகடு. நேப்பிள்ஸில் கோதுமை ரவையில் செய்து காயவைத்தது, ஓரம் சுருள்சுருளாக இருக்கும்.

உள்ளே: போலோஞாவில் நெடுநேரம் கொதித்த கொத்துக்கறிக் குழம்பு, பெஷமெல் (வெண்ணெய், மாவு, பால் சேர்த்த வெள்ளை சாஸ்), பார்மிஜானோ சீஸ். அவ்வளவுதான். நேப்பிள்ஸில் ரிக்கோட்டா, மொசரெல்லா சீஸ்கள், அவித்த முட்டை, நெல்லிக்காயைவிடச் சிறிய கறி உருண்டைகள்... தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் சாப்பாடு அல்லவா, 40 நாள் நோன்புக்கும் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார்கள்!

வேலை: போலோஞாவில் மாவு தேய்த்தே கை வலிக்கும், பெஷமெல் கட்டி தட்டினால் போச்சு. நேப்பிள்ஸில் உருண்டை பிடிக்கப் பொறுமை போதும்.

பழமை: 14ஆம் நூற்றாண்டு லத்தீன் சமையல் குறிப்பொன்றில் தகடும் சீஸும் மசாலாத்தூளும் அடுக்காக வருகின்றன. தக்காளி கிடையாது, அது அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தது. போலோஞாக்காரர்கள் 2003இல் தங்கள் செய்முறையைப் பதிவே செய்துவிட்டார்கள்.

மென்மையாக, வாயில் கரைய வேண்டுமென்றால் போலோஞா. பெரிய கூட்டம், பெரும்பசி என்றால் நேப்பிள்ஸ். என் ஓட்டும் அதற்கே. சரி, எதுவானாலும் ஓவனிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அடுக்கெல்லாம் சரிந்துவிடும்.