ஆச்சியின் விலாசத்தை விழுங்கிய ரீட் சிஎஸ்வி: ஏழு வருட அனுபவம்

போன வாரம் கானாடுகாத்தானிலிருந்து மச்சான் போன் செய்தார். பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கி நடத்துகிறவர்களிடம் கணக்குப் பார்க்கிறார். "ரூம் புக்கிங் எல்லாம் சிஎஸ்வியாத்தான் வருது மாப்ளே. எக்செல்லில் திறந்தா தேதி குளறுது. நீ பைத்தான்ல ஏதோ பாண்டாஸ்னு வச்சுக்கிட்டு இருக்கியே, அதைக் கத்துக்கலாமா?" என்றார். (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு. பாண்டாஸ் என்பது பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் கருவி.) கத்துக்கலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதி நேரம் திட்டினேன். திட்டி முடித்ததும் மச்சான், "அப்ப ஏன்டா இன்னும் வச்சிருக்கே?" என்று கேட்டார். அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் கணக்கு என் பொறுப்பு. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சலாகப் போகும். ஆர்டர் ஒரு கோப்பில் வரும், பணம் வந்த விவரம் வங்கிக் கோப்பில் வரும், அனுப்பிய விவரம் கூரியர் கோப்பில் வரும். மூன்றையும் அட்டவணையாக்கிப் பொருத்திப் பார்க்க வேண்டும். இது போதாதென்று ஊர்க் கோயிலின் புள்ளிக் கணக்கும் என் தலையில். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: நகரத்தாரான எங்களில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்கில்தான் வசூலாகும். அந்தப் பட்டியல் ஒரு முறை காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வந்தது. அரைப்புள்ளிக் கோப்பில் அரைப்புள்ளி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பாண்டாஸ் 2018-இல் என் கணினியில் ஏறியது. அதில் நான் நாள் தவறாமல் தொடுவது ஒரே ஒரு கட்டளை, சிஎஸ்வி கோப்பைப் படித்து அட்டவணையாக்கும் ரீட் சிஎஸ்வி. மற்றதெல்லாம் அப்புறம்தான். கோப்பு அட்டவணைக்குள் ஒழுங்காக இறங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நல்லதை முதலில் சொல்கிறேன், பின்னால் மறந்துவிடுவேன். தீபாவளி மாதத்துக் கோப்பை எக்செல் திறக்க எடுக்கும் நேரத்தில் இது நாலு முறை படித்து முடித்துவிடும். எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிசைதான், இதற்கு அப்படி ஒரு எல்லை கிடையாது. நினைவகம் பற்றாவிட்டால் துண்டு துண்டாகப் படிக்கச் சொல்லலாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. தொகையில் உள்ள காற்புள்ளியை நீக்கிப் படி என்று சொல்ல 'தவுசண்ட்ஸ்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கும் ஊர்க்காரர்களுக்காகச் செய்ததுபோல் இருக்கும். வங்கிக் கோப்பில் மேற்கோளுக்குள் 1,25,000 என்று நம் லட்சக் கணக்கில் இருந்ததை அது எப்படிப் படிக்கப் போகிறதோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன். காற்புள்ளி எங்கே நிற்கிறது என்றே அது பார்க்கவில்லை, எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இதைச் செய்தவர்கள் மேல் வந்த மரியாதை லேசுப்பட்டதல்ல.

சரி, இப்போது திட்டு.

ரீட் சிஎஸ்விக்கு ஒரு குணம் உண்டு. நாம் சொல்லாததையும் தானே ஊகித்துச் செய்யும். கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமலே பந்தியில் இறங்கி, பாயசம் கேட்டவர் இலையில் ரசத்தை ஊற்றிவிட்டுப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மனசு நல்ல மனசுதான். இலை பாழ்.

காரைக்குடியின் எஸ்டிடி எண் 04565. பழைய வீடுகளில் இன்னும் தரைவழித் தொலைபேசி இருப்பதால் பட்டியலில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு. சும்மா படிக்கச் சொன்னால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 4565 என்று வைக்கும். கைபேசிப் பத்தியில் ஒரே ஒருவர் எண் தராமல் விட்டிருந்தாலும் போதும், முழு எண் பத்தியில் வெற்றிடம் வைக்க வழி இல்லை என்று மொத்தப் பத்தியையும் தசம எண்ணாக்கிவிடும். எல்லார் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம். அரைப்புள்ளி உள்ள பத்தியில் தசமம் வந்தால் நியாயம். போன் நம்பரில் எதற்கு? (வெற்றிடத்தோடு முழு எண்ணை வைத்துக்கொள்ளும் வகை ஒன்று 2019 தொடக்கத்தில் வந்தது. நாமாகக் கேட்டால்தான் தரும்.)

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து, பத்தியில் இருப்பது எண்ணா எழுத்தா என்று சொல்லும் டிடைப் என்ற இடத்தில் 'எல்லாம் எழுத்து' என்று போடுவது. நானும் போட்டேன். பூஜ்யம் திரும்பி வந்தது, வால் போனது. இனி ஒரு எழுத்தும் மாறாது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. அழைப்பிதழ் உறைகளில் ஒட்ட முகவரிச் சீட்டு அச்சடிக்க வேண்டும். எங்கள் ஊரில் வெறும் பெயரை எழுதினால் யார் வீடு என்று தபால்காரருக்கே தெரியாது. ஒரே பெயரில் ஏழு பேர் இருப்பார்கள். விலாசம் வேண்டும், அதாவது வீட்டுத் தலைப்பெழுத்து. ஏஎல், ஆர்எம், எஸ்பி என்று ஆங்கில எழுத்திலேயே ஒரு தனிப் பத்தியில் வைத்திருந்தேன். அதில் நா. விலாசம் மூன்று வீட்டுக்கு. ஆங்கிலத்தில் அடித்தால் என், ஏ.

உறைகள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஓர் ஆச்சி கூப்பிட்டார். "ஏப்பா, என் பேருக்கு முன்னால நான்னு போட்டிருக்கே. நான்னா யாரு? நீயா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் உறையை வாங்கிப் பார்த்தேன். விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் என், ஏ, என் என்று மூன்று சின்ன எழுத்து. அவருடைய பேரன் அதை 'நான்' என்று வாசித்துக் காட்டியிருக்கிறான். வேறு எப்படி வாசிப்பான்?

நடந்தது இதுதான். ரீட் சிஎஸ்வியிடம் 'மதிப்பு இல்லை' என்று பொருள் கொள்ள ஒரு பட்டியல் இருக்கிறது. வெற்று இடம், நல், என்ஏ இப்படிச் சில சொற்கள். அவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு 'எண் அல்ல' என்ற குறியை வைக்கும், அச்சடித்தால் அது மூன்றெழுத்தாக வரும். எல்லாம் எழுத்து என்று நாம் சொன்னது இந்தப் பட்டியலைக் கட்டுப்படுத்தாது. எழுத்தாக வை என்றால் வைக்கும், இல்லை என்று தானே முடிவு கட்டியதை மட்டும் வைக்காது. எனக்கு இன்றுவரை ஆறாதது இந்த இடம்தான். நான் வாயைத் திறந்து தெளிவாகச் சொன்ன பிறகும் ஊகிக்கிறது. ஒரு எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. மூன்று வீட்டு விலாசத்தைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறது.

தீர்வு ஒரே ஒரு சொல்தான், கீப் டிஃபால்ட் என்ஏ என்பதை அணைத்துவிட வேண்டும். விளக்கப் பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. படிக்காதது என் தப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் பேச்சு இருக்கிறது. புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல்மொழியிலும் என்ஏ என்றால் விடுபட்ட மதிப்புதான். புள்ளியியல்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்கு இது உதவி. எங்கள் புள்ளிக்காரர்களுக்குத்தான் உபத்திரவம். நாங்களாவது மூன்று வீடு. நமீபியா என்ற ஒரு முழு நாட்டுக்கே உலகக் குறியீடு என்ஏ தான். நாடுகளின் பட்டியலைப் படித்து அந்த ஒரு நாட்டைத் தொலைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எக்செல் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. அதற்கும் பூஜ்யம் ஆகாது. பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், நீளமான கூரியர் எண்கள் அதில்தான் அடிபட்டன. மார்ச்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுவை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு 2020-இல் மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றியது. மரபணுவுக்கு என்ன, கேட்க ஆச்சி இல்லை. நா. வீட்டில் போய் விலாசத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ஊருக்குள் நடமாட முடியுமா?

தேதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மச்சான் கேட்டதே அதைத்தான். பழைய பாண்டாஸ் தேதியை மாதம் முதலில் என்று படிக்கும். 03/04 என்று நாம் எழுதிய ஏப்ரல் மூன்று அதற்கு மார்ச் நான்கு. அதே பத்தியில் 25/04 வந்தால், இருபத்தைந்தாம் மாதம் கிடையாதே என்று திருப்பிப் படித்துக்கொள்ளும். ஆக ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாள் வரவுகள் எங்கெங்கோ சிதறும், மீதி நாட்கள் சரியாக இருக்கும். பாதி சரியாக இருப்பதால் கண்ணிலும் படாது. எங்கள் கடையில் புது நிதியாண்டின் வரவு பழைய ஆண்டில் போய் உட்கார்ந்தது, ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். 2023-இல் வந்த 2.0 பதிப்பில், முதல் மதிப்பைப் பார்த்து ஒரு வடிவத்தைப் பிடித்து அதையே பத்தி முழுக்க எதிர்பார்க்கும்படி திருத்திவிட்டார்கள். தேதி வடிவத்தை நாமே எழுதிக் கொடுக்கவும் இடம் வைத்தார்கள். இந்த விஷயத்தில் குறை சொல்ல இனி எனக்கு எதுவும் இல்லை.

வங்கிக் கோப்பில் வரிக் கடைசியில் ஒரு உபரிக் காற்புள்ளி இருந்தால் முதல் பத்தியை வரிசைப் பெயராக எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஒரு கட்டம் தள்ளி வைக்கும், அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. முகவரிக்குள் காற்புள்ளி இருந்து மேற்கோள் போடாமல் விட்டால் எத்தனையாவது வரியில் சிக்கல் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஊர்ப் பட்டியலைப் படிக்கவில்லை என்று இதன்மேல் கோபப்படக் கூடாது, அந்தக் கோப்பில் இருப்பதே தமிழ் இல்லை, தமிழாகத் தெரியும் ஆங்கில எழுத்து. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மச்சானுக்குக் கடைசியில் நான் சொன்னது பாண்டாஸ் அல்ல, டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள். அதுவும் ஊகிக்கும், ஆனால் முதல் இருபதாயிரத்துச் சொச்சம் வரிகளைப் பார்த்துவிட்டு ஊகிக்கும். பின்னால் ஒத்துவராத வரி வந்தால் வரி எண்ணோடு சண்டைக்கு வரும். வெற்றிடத்தை மட்டும்தான் இல்லை என்று கொள்ளும். நா. வீட்டுப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தேன், மூன்று விலாசமும் பத்திரமாக இருந்தன. கணக்குப் பார்க்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த லட்சக் காற்புள்ளியை நினைத்துக்கொண்டு எழுதியிருந்தால் நான்கு போட்டிருப்பேன். எழுதும்போது நினைவில் இருந்தது உறைதான்.

நேற்று மச்சானிடமிருந்து செய்தி. "போட்டுட்டேன், தேதி எல்லாம் கரெக்டா வருது. நீயும் இதுக்கே மாறிட வேண்டியதுதானே?" பதில் எழுத உட்கார்ந்தபோது கூரியர் கோப்பு வந்தது. கை பழக்கத்தில் ரீட் சிஎஸ்வி என்று அடித்து, எல்லாம் எழுத்து என்று போட்டு, என்ஏவை அணைத்து, ஓட்டிவிட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பதில் இன்னும் எழுதவில்லை.