அயல்நாட்டில் ஓய்வுக்காலம்: வாடகையா, வாங்குவதா, கட்டுவதா?

ஓய்வுபெற்றபின் வேறொரு நாட்டில் குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: மலைச்சரிவு, கடல் தெரியும் பால்கனி, எத்தனை படுக்கையறை. அக்கம்பக்கத்தில் யார் இருப்பார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதுதான் முதலில் வர வேண்டும். புது ஊரில் நமக்கு ஆட்களைப் பழக்கப்படுத்துவது வேலையிடமும் பிள்ளைகளின் பள்ளியும். அந்த வயதில் இரண்டும் இல்லை. வீடு எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றித்தான் பழக்கம் அமையும்.

வாடகையின் பெரிய பலம், தெரு ஒத்துவரவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம் என்பது. ஆனால் ஒரு முழு வருடமாவது இருந்து பார்க்க வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் கலகலப்பாக இருக்கும் கடலோர ஊர், பருவம் முடிந்ததும் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கும். குறையும் உண்டு. குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தக்கூட வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். எழுபத்தைந்து வயதில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அது சாதாரணக் கஷ்டமல்ல.

வாங்குவதில் ஆசைக்கு முன்னால் சட்டம் வந்து நிற்கும். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் அதிகபட்சம் 30 ஆண்டுகள். அறுபது வயதில் எடுப்பவருக்குத் தொண்ணூறில் முடியும், நீண்ட ஆயுளுக்கு அது போதாது. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் குடியிருக்க வீடு வாங்கும் வெளிநாட்டவர் பொதுவாக வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்குகிறார்கள்; அதாவது சொத்து வங்கியின் பெயரில் இருக்கும், அனுபவிக்கும் உரிமை வாங்கியவருக்கு. அதன் காலம் 50 ஆண்டுகள், புதுப்பித்துக்கொள்ளலாம். தாய்லாந்து போன்ற இடங்களில் சட்டம் அனுமதிக்கும் அடுக்குமாடியே துணைக்கும் நல்லது என்பது என் எண்ணம். லிஃப்டில் தினமும் அதே முகங்கள், பராமரிப்புக் கூட்டம், பூட்டிய கதவைக் கவனிக்கும் காவலாளி. ஒருவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றால் யாராவது கவனிப்பார்கள்.

சொந்தமாகக் கட்டுவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. மலிவான மனை ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். வேலை நடக்கும் வரை கொத்தனார், எலக்ட்ரீஷியன், மேஸ்திரி என்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கிரகப்பிரவேசம் முடிந்ததும் அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் கணவனும் மனைவியும் மட்டும்தான். வரைபடத்தை இருவர் சேர்ந்து போடுகிறார்கள். ஒருவர் போனபிறகு, மிச்சமிருப்பவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா, அந்த வீட்டில் இருக்க முடியுமா? இந்தக் கேள்வியை எழுப்பத் தயங்குகிறார்கள். தங்கள் ரசனைக்கென்றே கட்டிய வீட்டை அவசரத்துக்கு விற்பதும் எளிதல்ல.

சரி, எந்த வீடானாலும் யார் நடுவே இருப்பது? மெக்சிகோவின் சப்பாலா ஏரிக்கரையில், அஹிஹிக் ஊரில், 1955-ல் தொடங்கிய வெளிநாட்டவருக்கான சங்கம் ஒன்று இருக்கிறது. நூலகமும் வகுப்புகளும் உண்டு. அப்படியொரு இடத்தில் வந்திறங்கிய சில நாட்களிலேயே பேச ஆள் கிடைக்கும். ஆனால் அந்த நட்பு வட்டம் மெல்ல மெல்லக் கரையும். அமெரிக்க முதியோரின் மெடிகேர் காப்பீடு, சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அதனால் பெரிய நோய் வந்தால் பலர் நாடு திரும்ப வேண்டியிருக்கிறது. உள்ளூர் மக்களோடு நட்பு பிடிக்க மொழி தெரிய வேண்டும், வருடக்கணக்கில் பொறுமையும் வேண்டும். ஆனால் அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

ஆகவே என் பரிந்துரை: முதல் வருடம் வெளிநாட்டவர் கூடும் பகுதியின் ஓரத்தில் வாடகைக்கு இருங்கள், மொழி வகுப்புக்குப் போங்கள். பிறகு ஊர் நடுவே, மருந்துக்கடையும் சந்தையும் நடக்கும் தூரத்தில் சின்ன ஃபிளாட் வாங்குங்கள். அதற்கு முன், ஒரு வாரம் காரைத் தொடாமல் அந்தத் தெருவில் இருந்து பாருங்கள். அந்த வாரத்தில் வீட்டுக்காரரையும் தரகரையும் தவிர எத்தனை பேரோடு பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள்.