பழைய மவுண்டன் பைக்கில் டிஸ்க் பிரேக் வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள்

அப்பாவோ மாமாவோ ஓட்டிய பழைய மவுண்டன் பைக்கை (எம்.டி.பி.) எடுத்து, "நல்லா ரெஸ்டோர் பண்ணி, கொஞ்சம் அப்கிரேடும் பண்ணிக் கொடுங்க" என்று கடையில் விடப்போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். சென்னையில் ஒரு கடை 34,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படிப்பட்ட ஒரு வண்டியை ஓட்ட முடியாத நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கும் என்பதால்தான் விவரமாக எழுதுகிறோம்.

வண்டி 1994-ஐச் சேர்ந்தது. உரிமையாளரின் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊருக்குத் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தது. குரோமோலி ஸ்டீல் (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பிரேம், சஸ்பென்ஷன் இல்லாத ரிஜிட் ஃபோர்க், கேன்டிலீவர் பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் பழைய வகை), முன்னால் 3 பின்னால் 7 கியர், பெரும்பாலும் ஷிமானோ நிறுவனத்தின் டியோர் எல்எக்ஸ் வரிசைப் பாகங்கள். அப்பா இப்போது இல்லை. மகனுக்கு அதில் மறுபடியும் ஏறி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைக்காரர் சொன்னது: "இந்த பிரேக்கெல்லாம் பழசு சார், நிக்காது. டிஸ்க் போட்டுடலாம், முன்னால ஷாக் போட்டுடலாம், பவுடர் கோட்டிங் பண்ணிடலாம், புது வண்டி மாதிரி ஆயிடும்."

பார்வைக்கு ஆகியும் இருந்தது. அதுதான் இதில் மோசமான விஷயம். பளபளக்கும் கறுப்பு பெயின்ட், புது சீட், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க். நாங்கள் பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது.

முதலில் டிஸ்க். 90களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிரேம்களில் டிஸ்க் காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பூட்ட இடமே கிடையாது. அதனால் ஒரு எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டை வெட்டி, இடதுபக்க சீட் ஸ்டேயின் (சீட்டுக்கடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாய்) அடியில் சாதாரண ராடு வெல்டிங்கில் ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தக் குழாயின் சுவர் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பற்றின் (வெல்டிங் வைத்த தடத்தின்) ஓரத்தை நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படுகிறது. குழாயின் உலோகமே அங்கே கரைந்து போயிருக்கிறது. மேலே கசடுகூடத் தட்டாமல் பவுடர் அடித்திருக்கிறார்கள். பற்றின் கீழ் விளிம்பில் முடி அளவுக்கு ஒரு கோடு. பெயின்ட் அங்கே மட்டும் பிளந்து, அதற்குள் லேசாகத் துரு கசிகிறது. அந்த இடத்தில் பெயின்ட்டை எடுத்துவிட்டு டை பெனட்ரன்ட் என்ற விரிசல் சோதனை செய்தோம்: சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்ததும் அந்தக் கோடு தெளிவாகச் சிவந்து வந்தது. பெயின்ட் மட்டும் வெடிக்கவில்லை, குழாயே வெடித்திருக்கிறது.

ஏன் வெடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ரிம் பிரேக்கில் கட்டை, சக்கரத்தின் விளிம்புக்கு அருகில் பிடிக்கிறது. டிஸ்க்கில் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து ஏறக்குறைய 75 மி.மீ. தூரத்தில், டயரோ 330 மி.மீ. தூரத்தில். ஆகவே பிரேக் பிடிக்கும்போது டயர் தரையில் தாங்கும் விசையைப் போல நாலு மடங்குக்கு மேல் அந்தச் சின்னத் தகட்டில் விழுகிறது. அது உட்கார்ந்திருக்கும் குழாயோ பக்கவாட்டு விசைக்கென்று செய்யப்பட்டதே இல்லை. டிஸ்க்குக்கென்று செய்யும் பிரேம்களில் அந்த இடத்தில் கனமான குழாயோ குறுக்குத் தாங்கியோ இருப்பது இதனால்தான். வெல்டிங் வைத்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சைக்கிள் விற்கிற கடைக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

வெல்டிங் சூட்டில் பின்பக்கமும் இழுத்துக்கொண்டுவிட்டது. இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஒரு நூலை இடது டிராப்அவுட்டில் (பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம்) கட்டி, ஹெட் டியூபை (ஹேண்டில் நுழையும் முன்குழாய்) சுற்றி, வலது டிராப்அவுட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சமமாக வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. இந்த வண்டியில் 5 மி.மீ. பின்சக்கர இடைவெளி 135 மி.மீ. இருக்க வேண்டியது 131-க்குச் சுருங்கியிருந்தது. சக்கரத்தை அமுக்கித் திணித்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து பிரேக் லிவரில். கியர் ஷிஃப்டரும் பிரேக் லிவரும் ஒரே துண்டாக இருந்ததால் பழசை அப்படியே விட்டுவிட்டார்கள். கேன்டிலீவர் லிவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு. எம்.டி.பி. மெக்கானிக்கல் (கேபிளால் இயங்கும்) டிஸ்க்குக்கும், வி-பிரேக் என்ற நீளக் கை உள்ள ரிம் பிரேக்குக்கும் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுக்கிற லிவர் வேண்டும். பொருந்தாமல் பூட்டினால் லிவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்து முட்டும், வண்டி நிற்காது. அதாவது, "நிக்காது" என்று சொல்லிக் கழற்றிய பழைய பிரேக்கைவிட மோசமான பிரேக்குக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

முன்னால் போட்ட ஷாக் 100 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள மலிவான காயில் ஃபோர்க். பழைய ரிஜிட் ஃபோர்க்கில் அச்சிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் இடம்) வரை ஏறக்குறைய 400 மி.மீ.; இதில் 470. முன்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வு) சுமார் ஒரு டிகிரி சரியும் என்பது பொதுக்கணக்கு. இங்கே மூன்றரை டிகிரி. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாகச் சாய்கிறது, ஏற்றத்தில் முன்சக்கரம் அலைகிறது, டவுன் டியூபும் (பிரேமின் கீழ்க்குழாய்) ஹெட் டியூபும் சேரும் இடத்தில் விசை கூடுகிறது. எடையும் ஒரு கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. ரிஜிட் ஃபோர்க்கோடு வந்த பிரேமுக்கு ஷாக் போடவே கூடாது என்று சொல்லவில்லை. 63 முதல் 80 மி.மீ. டிராவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு முன் பழைய ஃபோர்க்கை அளக்க வேண்டும். பழைய ஃபோர்க் எங்கே என்று கேட்டதற்கு "ஸ்கிராப்புல போயிடுச்சு" என்ற பதில்தான்.

அதே ஸ்கிராப்பில்தான் எல்எக்ஸ் ரியர் டிரெய்லரும் (பின்னால் செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பாகம்) இரண்டு ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பாகம்) போனதாகச் சொல்கிறார்கள். டிரெய்லர் இருந்த இடத்தில் ஷிமானோவின் டூர்னி. அது கெட்ட பொருள் இல்லை, விலை குறைந்த வண்டிகளுக்கு வருவது. ஆனால் எல்எக்ஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டிவிட்டு "அப்கிரேட்" என்று பில் போடுவது பச்சைத் திருட்டு. 90களின் எல்எக்ஸ், எக்ஸ்டி பாகங்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றுகிறவருக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கைதான் மூலதனம்.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அந்தக் காலத்து ஷிமானோ பாகங்களின் பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக 'ஆர்' 1993, 'எஸ்' 1994, 'இசட்' 2001. மாதம் 'ஏ' முதல் 'எல்' வரை. கடையில் விடுவதற்கு முன் டிரெய்லர், கிராங்க், பிரேக் ஆகியவற்றின் இந்த எழுத்துகளையும், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் இடம்) அடியில் குத்தியுள்ள பிரேம் நம்பரையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். "கழற்றுகிற எந்தப் பாகத்தையும் பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும்" என்று கூடவே எழுதுங்கள். இந்த ஒரு மெசேஜ் பல பேருடைய கையைக் கட்டிப்போடும்.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். பவுடர் கோட்டிங் நல்ல முறைதான். 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள், குரோமோலி பிரேமுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மரை உள்ள இடங்கள், ஹெட்செட் கப் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கின் கிண்ணம்) உட்காரும் இடம், சீட் டியூபின் உள்பக்கம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இங்கே எதையும் அடைக்கவில்லை. பாட்டம் பிராக்கெட் மரை முழுக்கப் பவுடர். அதோடு, இந்த வகை பிராக்கெட்டில் செயின் பக்கத்துக் கப் இடதுமரை. மற்ற போல்ட்டைப் போலத் திருப்பினால் கழலும், எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். அடைபட்ட மரையில் கப்பைக் கோணலாகக் கொடுத்து நீள ஸ்பேனரில் முறுக்கியதில் மரை பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. 1.370 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை என்ற டேப்பை (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சுத்தம் செய்திருந்தால் கால் மணி நேர வேலை. இப்போது மிச்சம் உள்ள வழி, 36 மி.மீ. இத்தாலிய மரையாகப் பெரிதாக்குவது, அல்லது மரையில்லாமல் இறுகும் கார்ட்ரிட்ஜ் தேடுவது. பிரேம் நம்பரும் பவுடரில் மூழ்கிவிட்டது. பழைய ஸ்டிக்கர்களை அளவுகோல் வைத்துப் படம் எடுத்திருந்தால் வினைலில் வெட்டி ஒட்டியிருக்கலாம். அதையும் யாரும் செய்யவில்லை. அப்பா ஓட்டிய வண்டி என்று கண்ணுக்குக் காட்டிய அந்த எழுத்துகள் போனது மகனுக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பு.

இந்த வண்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன? பிரேமைத் தொடவே வேண்டியதில்லை. கேன்டிலீவர் பூட்டிய அதே பிரேக் போஸ்ட்டில் (பிரேமில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளை) வி-பிரேக் உட்காரும். அதற்குப் பொருத்தமான தனி லிவர், தனியாக 7 ஸ்பீடு ஷிஃப்டர். (80களின் கடைசியில் வந்த சில பிரேம்களில் பின்னால் யூ-பிரேக் இருக்கும். அதன் பிரேக் போஸ்ட் ரிம்முக்கு மேலே இருப்பதால் அங்கே வி-பிரேக் பூட்ட முடியாது, முதலில் பாருங்கள்.) 12-28 கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி, 12 பல்லிலிருந்து 28 பல் வரை), 6/7/8 ஸ்பீடு செயின், புதுக் கேபிள். பாட்டம் பிராக்கெட்டுக்கு ஷெல் (அது உட்காரும் பிரேம் குழாய்) அகலம் 68 மி.மீ.-ஆ 73 மி.மீ.-ஆ என்று அளந்து, பழைய ஸ்பிண்டிலின் (பெடல் அச்சு) நீளத்திலேயே சீல்டு கார்ட்ரிட்ஜ். ஹப்பை ஓவராயில் பண்ணிப் புது பால்ஸ்: பின்னால் பக்கத்துக்கு 9, கால் அங்குலம், முன்னால் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். டயர் வாங்கும்போது மட்டும் கவனம், "26 இஞ்ச்" என்று கேட்டால் 26×1 3/8 லேடீஸ் சைக்கிள் டயரைக் கொடுத்துவிடுவார்கள். அதன் ரிம் அளவு 590 மி.மீ.; எம்.டி.பி. ரிம்முக்கு டயர் ஓரத்தில் 559 என்று இருக்க வேண்டும்.

சீட் போஸ்ட் இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். ஸ்டீலுக்குள் அலுமினியம் அரித்து ஒட்டிக்கொள்வது இது. ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, போஸ்ட்டை வைஸில் பிடித்து பிரேமைத் திருப்ப வேண்டும். அதற்கும் வராவிட்டால் போஸ்ட்டை அறுத்துவிட்டு, உள்ளே ஹாக்சா பிளேடை விட்டு நீளவாக்கில் பொறுமையாக அறுப்பார்கள். அவசரப்பட்டால் சீட் டியூபே போய்விடும்.

இந்த பிரேமைக் காப்பாற்ற இனி ஒரு வழிதான்: வெடித்த ஸ்டேயை அறுத்தெடுத்து, அதே அளவு குரோமோலி குழாயைப் பிரேம் வேலை தெரிந்தவர் ஜிக்கில் (பிரேமை நேராகப் பிடிக்கும் சட்டம்) வைத்து டிக் வெல்டிங்கோ பிரேசிங்கோ (பித்தளைப் பற்று) செய்து மாற்ற வேண்டும். அதுவரை ஓட்டக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது. உங்களிடமும் இதேபோல் தகடு ஒட்டிய வண்டி இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பற்றின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள்.

பணத்தைக் கேட்க வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பில்லில் "சர்வீஸ்" என்று மொத்தமாக எழுதியிருந்தால் எந்த வேலைக்கு எவ்வளவு, எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியை வேறு கடையில் சரிசெய்யக் கொடுப்பதற்கு முன்பே, வெல்டிங், மரை, பாகங்கள் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். சரிசெய்த பிறகு காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.