24 பிட் அளவீட்டுப் பெட்டி என்று விற்றார்கள், உள்ளே இருந்தது தராசு சிப்

‘எட்டு சேனல், எந்தச் சேனலிலும் ஸ்ட்ரெயின் கேஜ் அல்லது தெர்மோகப்பிள், 24 பிட், சேனலுக்கு விநாடிக்கு 1000 சாம்பிள், 1300 டிகிரி வரை’ என்று மலிவு விலையில் ஒரு டேட்டா அக்விசிஷன் பெட்டி (சென்சார் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக்கிக் கணினியில் பதியும் கருவி) கண்ணில் பட்டால், ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்ட்ரெயின் கேஜ் என்பது ஒரு பொருள் நீள்வதை, சுருங்குவதை அளக்க அதன் மேல் ஒட்டும் ரெசிஸ்டர். தெர்மோகப்பிள் என்பது தன் முனைக்கும் பெட்டியில் வயர் மாட்டும் டெர்மினலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை மின்னழுத்தமாகத் தரும் இரட்டை உலோகக் கம்பி. பிட் கூடினால் அளவீட்டின் படி நுண்ணியதாகும், சாம்பிள் என்பது ஒரு முறை அளப்பது. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பெட்டி பல பெயர்களில் சுற்றுகிறது. பெயரை விட அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் தேவை பெரிதல்ல. ஓர் உலையின் கதவுச் சட்டம் சூடாகும்போது எவ்வளவு வளைகிறது, கதவை அடைக்கும்போது எவ்வளவு அதிர்கிறது என்று பார்க்க வேண்டும். 350 ஓம் கேஜ்கள் சில, கே வகை தெர்மோகப்பிள்கள் சில, அவ்வளவுதான். ஆனால் இரண்டுமே மிகச் சிறிய மின்னழுத்தம் தருபவை. கே வகை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் தரும். கேஜ் ஃபேக்டர் (நீட்சியைப் போல் எத்தனை மடங்கு ரெசிஸ்டன்ஸ் மாறும் என்ற எண்) 2 உள்ள ஒற்றைக் கேஜை 5 வோல்ட் கொடுத்துக் கால் பிரிட்ஜில் (நான்கு ரெசிஸ்டர் சுற்றில் ஒன்று மட்டும் கேஜ்) போட்டால், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) 2.5 மைக்ரோவோல்ட்தான். 1000 மைக்ரோஸ்ட்ரெயின் வந்தாலும் மொத்தம் 2.5 மில்லிவோல்ட். இந்த அளவில் வேலை செய்யும்போது, விளம்பரத்தில் எத்தனை பிட் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை விட, பெட்டிக்குள் யார் எதைச் சேமிக்கப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் மாட்டியது வெப்பநிலை. உலை சூடேற ஏற எண்ணும் சரியாக ஏறியது. 500 டிகிரிக்குச் சற்று முன் வந்ததும் நின்றுவிட்டது. தனியாக இருந்த இன்னொரு மீட்டர் 700-ஐத் தாண்டியும் இது அசையவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, தெர்மோகப்பிள் கெட்டுவிட்டது, மாற்றுங்கள் என்றார். மாற்றினோம். அதே இடத்தில் நின்றது. கெட்டுப்போன தெர்மோகப்பிள்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே டிகிரியில் நிற்குமா என்ன?

அடுத்தது வேகம். சட்டத்தைத் தட்டி அதிர்வைப் பதிவு செய்தால் வளைவுக்குப் பதில் படிக்கட்டு வந்தது. மென்பொருள் எழுதிய கோப்பைத் திறந்து பார்த்தேன். விநாடிக்கு 1000 வரிகள் இருந்தன, அதில் பொய் இல்லை. ஆனால் ஒரே எண் கடைசி இலக்கம் வரை மாறாமல் 12 அல்லது 13 வரிகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. உண்மையான அளவீட்டில் கடைசி இலக்கங்கள் மின் சத்தத்தில் (நாய்ஸ்) ஆடிக்கொண்டேதான் இருக்கும். 1000-ஐ 12.5-ஆல் வகுத்தால் 80. அதாவது விநாடிக்கு 80 முறைதான் அளக்கிறது. மீதி வரிகளை மென்பொருள் நகலெடுத்து நிரப்புகிறது. 80 சாம்பிளை வைத்து 40 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த அதிர்வையும் நம்ப முடியாது.

80 என்றதுமே சந்தேகம் வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் சேனலுக்கு ஒன்றாக எட்டு சிப்கள், ஒவ்வொன்றுக்கும் 16 கால், மேலே இருந்த எழுத்தை உரசி அழித்திருந்தார்கள். கால்களின் இணைப்பை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால் அப்படியே ஹெச்எக்ஸ்711. மின்னணுத் தராசுகளுக்காக வந்த சிப் அது. விநாடிக்கு 10 அல்லது 80, இரண்டே வேகம். 128 கெயினில் (உள்ளே வருவதை 128 மடங்கு பெருக்கும்போது) 5 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 20 மில்லிவோல்ட் வரைதான் வாங்கும். கே வகை அந்த மின்னழுத்தத்தை எட்டுவது, டெர்மினல் சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 500 டிகிரி வாக்கில். உலை ஏன் அங்கேயே நின்றது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹெச்எக்ஸ்711 மோசமான சிப் அல்ல. லோட் செல்லை (எடை அளக்கும் சென்சார்) மெதுவாக அளக்க அந்த விலைக்கு அதை மிஞ்சுவது கடினம். 24 பிட் என்பதும் டேட்டாஷீட்டில் (சிப் தயாரித்தவர் தரும் விவரத்தாள்) உள்ளதுதான். பெயரை அழித்துவிட்டு, 1000 சாம்பிள், 1300 டிகிரி என்று விற்றதுதான் மோசடி.

அப்புறம் கால் பிரிட்ஜ். கேஜோடு சேர்ந்து பிரிட்ஜை நிரப்ப வேண்டிய 350 ஓம் ரெசிஸ்டர், வெப்பத்துக்கு அசையாத துல்லிய ரகமாக இருக்க வேண்டும். இங்கே இருந்தது சாதாரண ரகம். டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) மாறும் ரெசிஸ்டரை அங்கே போட்டால், பெட்டி ஒரு டிகிரி சூடானதுமே 50 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்யாகத் தெரியும். நான் விரலை அந்த ரெசிஸ்டர் மேல் வைத்ததும், யாரும் தொடாத இரும்புச் சட்டம் திரையில் நீள ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்ததிலிருந்து சட்டம் மெல்ல மெல்ல ‘வளைந்த’ மர்மம் இதுதான். வயர் நீளத்தால் வரும் பிழையை ஈடுகட்டும் மூன்று வயர் இணைப்புக்கு டெர்மினலே வைக்கவில்லை.

கோல்ட் ஜங்ஷன் (தெர்மோகப்பிள் பெட்டியோடு இணையும் இடம்) சூட்டை ஈடுசெய்யும் சென்சார் இருந்தது. எங்கே? வோல்டேஜ் ரெகுலேட்டருக்கு ஒட்டினாற்போல. அது டெர்மினலின் வெப்பத்தை அளக்க வேண்டியது. ரெகுலேட்டரின் சூட்டை அளந்துகொண்டிருந்தது. சென்சார் டெர்மினலை விட 7 டிகிரி அதிகம் காட்டினால், உங்கள் அளவு முழுக்க ஏறக்குறைய அதே 7 டிகிரி கூடும். கூடவே ‘கே வகை நீட்டிப்பு வயர்’ என்று ஒரு சுருள் வந்தது. அதன் இழைகள் கே வகைக்குரிய கலப்பு உலோகங்களாக இருக்க வேண்டும். நறுக்கிப் பார்த்தால் இரண்டு இழையும் வெறும் செம்பு.

விற்றவரின் பதில்களை வரிசையாக வைத்தால் சிரிப்பு வரும். முதலில் சென்சார் கெட்டது. பிறகு எங்கள் எர்த் சரியில்லை. பிறகு புதிய மென்பொருள் வருகிறது, பொறுங்கள். பொறுத்ததில் திருப்பி அனுப்பும் காலம் தீர்ந்துபோனது. கடைசியில், ஸ்டிக்கரைக் கிழித்து மூடியைத் திறந்ததால் வாரண்டி கிடையாது என்றார். அளவுத்திருத்தச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்திருந்தார். அதில் பெட்டியின் வரிசை எண் இல்லை, எந்த மூலக் கருவியோடு ஒப்பிட்டார்கள் என்பதும் இல்லை. ஆனால் 1200 டிகிரியில் பிழை 0.1 என்று இருந்தது. 500-ஐத் தாண்டாத பெட்டிக்கு!

மூடியைத் திறக்காமலேயே இதில் பெரும்பாலானதைப் பிடிக்கலாம். பெட்டி கைக்கு வந்த அன்றே, திருப்பி அனுப்பும் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். தெர்மோகப்பிள் சேனலின் இரண்டு டெர்மினலையும் செம்பு வயரால் இணைத்தால் அது டெர்மினலின் வெப்பநிலையைக் காட்ட வேண்டும். ஆன் செய்ததும் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். மில்லிவோல்ட் கொடுக்கும் கருவி கிடைத்தால் 52 மில்லிவோல்ட் வரை ஏற்றிப் பாருங்கள், 1300 டிகிரிக்கு ஏறக்குறைய அந்த அளவு தேவை. 350 ஓம் கேஜுக்கு இணையாக 174 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொட்டால், கேஜ் ஃபேக்டர் 2 என்றால், ஏறக்குறைய 1000 மைக்ரோஸ்ட்ரெயின் அமுக்கம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அதிக வேகத்தில் ஒரு நிமிடம் பதிவு செய்து கோப்பைத் திறந்து, எண்கள் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம்.

வாங்கும் முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி போதும்: உள்ளே உள்ள ஏடிசி சிப்பின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சிப்) பெயர் என்ன, உள்ளீட்டை ஷார்ட் செய்தால் எத்தனை மைக்ரோவோல்ட் சத்தம். எங்களுக்கு விற்றவர் முதல் கேள்விக்கு ‘நிறுவன ரகசியம்’ என்றார். தெர்மோகப்பிளுக்கு மேக்ஸ்31856, பிரிட்ஜுக்கு ஏடிஎஸ்1256 என்று சிப்பின் பெயரை வெளிப்படையாகப் போட்டு விற்கும் சின்னச் சின்னப் போர்டுகள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது, பெட்டி கூட வராது. ஆனால் டேட்டாஷீட்டைத் திறந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் கட்டிய தளத்தில் அந்தக் கோப்பையும் சிப் படங்களையும் இணைத்துப் புகார் கொடுத்ததில் பாதிப் பணம் திரும்பியது. மீதிக்கு இன்னும் மின்னஞ்சல் போய்க்கொண்டிருக்கிறது. விளம்பரம் இப்போதும் இருக்கிறது. பெட்டியின் நிறமும் மாடல் பெயரும் மாறியிருக்கின்றன, சேனலுக்கு 2000 சாம்பிள் என்கிறார்கள்.